பஞ்சவர்ணம் கேட்ட டீ பிரேக்

பஞ்சவர்ணம் அக்காவை முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 1989 ஜூன் மாதம். அண்ணனூரில் ரயில்வே லைனை ஒட்டி ஒரு வாடகை வீட்டில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. என் மகள் பொன்னியம்மாவைச் சேர்க்க நானும் என் மனைவி வனஜாவும் போயிருந்தோம். வாசலில் ஒரு அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையில் தண்ணீர்க் குவளையோடு கிட்டே வந்தாள்.

"உள்ளாற ஒரு பேப்பர் நீட்டுவாங்க நைனா. படிச்சிக் காட்டச் சொல்லு. படிக்காம கையெழுத்து கியெழுத்து போட்றாத."

எந்தப் பள்ளிக்கூடத்திலாவது அங்கே வேலை செய்கிற ஆயாவே வாசலில் நின்று இப்படிச் சொல்வாளா? இது ஏதோ வில்லங்கமான இடம் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே மூன்று பள்ளிகளில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வனஜாவின் முகத்தைப் பார்த்துக் கோபத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். பேப்பர் நீட்டினார்கள். ஒரு ஆயா சொல்லி நான் படிப்பதா என்ற வீம்பில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அவள் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பினாயில் பாட்டிலோடு நின்றாள். மாதம் ஒருமுறை பெற்றோர் முறை வைத்துப் பள்ளிக் கக்கூஸைக் கழுவித் தரவேண்டும் என்று அந்தப் பேப்பரில் ஏழாவதாக எழுதியிருந்ததாம்.

"படிச்சியா நைனா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அவள் பிறவி ஆயா இல்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே இருந்த எழுபது பெண்களுக்காக யூனியனில் பேசியவள். 86இல் கம்பெனியைப் பூட்டினார்கள். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு ஏழு மாதம் உட்கார்ந்தார்கள். கம்பெனி திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பள்ளியில் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலைக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் கன்னியப்பன் பட்டாபிராம் சைடிங்கில் சரக்கு ரயிலிலிருந்து மூட்டை இறக்குபவர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். வீட்டில் பேச்சுவார்த்தைக்கு எதிர்த்தரப்பே இல்லாததால் தன் திறமை அத்தனையையும் அவள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து இறக்கினாள்.

அவள் கணக்கு எளிமையானது. பள்ளிக்கூடம் என்பது நிர்வாகம். பெற்றோர் தொழிலாளிகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதுகிற திட்டம் என்பது ஒப்பந்தம். தான் மட்டும் சம்பளம் வாங்குவது நிர்வாகத்திடம் என்பது அவளை எந்த விதத்திலும் உறுத்தவில்லை.

அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியின் தலைமை ஆசிரியர் ஜேம்ஸ் சார் இதற்கென்றே வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவர். ரொம்ப நல்ல மனிதர். சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருப்பார். ஒவ்வொரு பிள்ளையின் அப்பா அம்மாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், அடுத்த மூன்று மாதத்தில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், பள்ளியில் யார் சொல்லித் தருவது, வீட்டில் யார் பழக்குவது என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதுவார். கீழே இரண்டு பக்கமும் கையெழுத்து. மூன்று மாதம் கழித்து அதே தாளை எடுத்துவைத்து எவ்வளவு நடந்தது என்று பார்ப்பார்.

இவ்வளவு ஒழுங்கான ஒரு ஏற்பாட்டை எங்கள் ஆட்களிடம் கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர் படித்த இடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்கள். எதிரே ஒருவர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருபது கேட்டால் பத்து கிடைக்கும்.

வேம்புலி என்று ஒருவன், என் சேக்காளி, ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை. அவன் மகனுக்கு ஒன்பது வயது. முதல் கூட்டத்தில் ஜேம்ஸ் சார், "உங்க மகன் இந்த மூணு மாசத்துல என்ன கத்துக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். வேம்புலி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பதினாறாம் வாய்ப்பாடு, சைக்கிள், இங்கிலீஷில் லெட்டர், தபேலா என்று பதினான்கு சொன்னான். எப்படியும் வெட்டிக் குறைத்து நாலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று அவன் எண்ணம். ஜேம்ஸ் சார் ஒன்று விடாமல் பச்சை மையில் எழுதிக்கொண்டார். பெற்றோரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று அவர் படித்திருந்தார்.

வேம்புலி வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இன்னா மச்சான், பேரமே பேசாம எழுதிக்கினாரு. இன்னும் பத்து சேத்துக் கேட்டுக்கணும், உட்டுட்டேன்."

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பதினான்கில் ஒன்றும் நடக்கவில்லை. தபேலாவே பள்ளியில் இல்லை. வேம்புலி ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று குதித்தான். ஜேம்ஸ் சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம். அப்போதுதான் பஞ்சவர்ணம் அக்கா உள்ளே புகுந்தாள். டீ கொண்டுபோகிற சாக்கில் கூட்டத்துக்குள் போனவள் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு வேம்புலியைக் கேட்டாள்.

"தபேலா கிடக்கட்டும் நைனா. காலீல நீ லேட்டு லேட்டுன்னு ஓடறியே, அது ஏன்?"

"பையனுக்குச் சட்டை போட்டு பட்டன் மாட்டி உட்டுட்டு ஓடறேன்க்கா. அவங்கம்மாவுக்குக் கை வெரலு மடங்கல. ஷிப்டுக்கு நேரத்துக்குப் போயி எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா."

"அப்ப பட்டன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே."

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டான். ஒன்பது வயது மகனுக்குப் பட்டன் மாட்டத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வெட்கம். ஜேம்ஸ் சார் புதுத் தாள் எடுத்து 'பட்டன்' என்று ஒன்றே ஒன்று எழுதினார். கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறி, நான்கு மாதத்தில் அந்தப் பையன் ஐந்து பட்டனையும் தானே மாட்டிக்கொண்டான். வேம்புலி முதல் தடவையாக நேரத்துக்குப் போய் நின்றதைப் பார்த்து வாட்ச்மேன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தானாம்.

அதற்குப் பிறகு அவள் இல்லாமல் யாரும் கூட்டத்துக்குப் போவதில்லை. முதல் நாளே அவளிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். அப்பாக்களை அவள் அதிகம் மதிக்க மாட்டாள். "நீ சும்மா குந்து. புள்ளையோட மல்லுக்கட்றது அவதானே, அவ பேசட்டும்" என்று அம்மாக்களைத்தான் பேசவைப்பாள். யாராவது பேனாவை எடுத்தால் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுவாள். புரியாத வார்த்தை வந்தால் ஜேம்ஸ் சாரை நிறுத்தி வைத்து, "இத வேம்புலிக்குப் புரியறா மாரி சொல்லு சார்" என்பாள். வேம்புலி அந்த அறையில் இல்லாதபோதும் அப்படித்தான் சொல்லுவாள்.

"சம்பளம் நாங்க தர்றோம், வேலை அவங்களுக்குப் பாக்கறீங்களேம்மா" என்று ஜேம்ஸ் சார் ஒருமுறை அலுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரே அவளுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்.

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அக்காவின் கதை முடியாது.

பொன்னிக்கு 91இல் பதினொரு வயது. பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். நான் எஸ்டேட்டில் ஃபிட்டர். வனஜாவுக்கு ஒரு துணி கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை. இரண்டு பேரும் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பள்ளியில் இடம் கிடைப்பதற்கு முன்னால் இரண்டு வருஷம், காலையில் அவளை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனோம். பக்கத்து வீட்டு முத்தம்மாள் மதியம் ஜன்னல் வழியாகச் சோறு கொடுப்பாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் செய்தோம்.

பொன்னிக்கு ரயில் என்றால் உயிர். பள்ளியின் வாசலிலிருந்து பத்து எட்டு வைத்தால் தண்டவாளம். ரயில் சத்தம் கேட்டால் யார் கையையும் உதறிக்கொண்டு ஓடிவிடுவாள். 91ஆம் வருஷம் மூன்று தடவை பள்ளிக் கேட்டைத் தாண்டி ஓடினாள். மூன்றாவது தடவை லெவல் கிராசிங் கேட்மேன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, ஜேம்ஸ் சாரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். பள்ளியை நடத்துகிற கமிட்டிக்காரர்கள் பயந்துவிட்டார்கள். அடுத்து வரும் திட்டக் கூட்டத்தில் பொன்னியை 'வீட்டுப் பயிற்சி'க்கு மாற்றி எழுதுவது என்று முடிவாயிற்று. வாரத்துக்கு ஒருநாள் ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பாராம். மீதி நேரத்துக்கு மறுபடியும் தாழ்ப்பாள்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் யூனியன் ஆபீசில் டைப்ரைட்டர் இருந்தது. இரண்டு மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து இருபத்திரண்டு கோரிக்கைகள் தட்டினேன். பொன்னிக்குத் தமிழ், இங்கிலீஷ், கூட்டல் கழித்தல், தையல், கோலம், மணி பார்ப்பது, கையெழுத்து. எல்லாம் கேட்டுக் கடைசியில் இருபத்திரண்டாவதாக, 'பள்ளியை விட்டு நீக்கக் கூடாது' என்று போட்டேன். இருபத்தொன்றை விட்டுக்கொடுத்து இருபத்திரண்டாவதை வாங்கிவிடலாம் என்று திட்டம். வேம்புலியைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். என் பிள்ளை என்று வந்தபோது எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். நான் பெருமையாகத் தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இது இன்னா நைனா, வேஜ் ரிவிஷனா?" என்றாள். பிறகு என்னை விட்டுவிட்டு வனஜா பக்கம் திரும்பினாள். "ஒனக்கு இன்னா வோணும், நீ சொல்லு."

வனஜா முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கதவச் சாத்தித் தாப்பா போட்டுட்டுப் போற வேலய இனிமே என்னால செய்ய முடியாதுக்கா. அவ்ளோதான்."

அக்கா இடுப்பிலிருந்து ஒரு நோட்டை உருவினாள். வேன் வருகைப் பதிவு நோட்டு. காயில் கம்பெனியில் எந்தக் காயில் எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதியெழுதி அவளுக்குக் கை பழகிவிட்டது. இங்கே எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு அழுதது, எத்தனை மணிக்குக் கடித்தது என்று எழுதிவைத்திருந்தாள். பொன்னி ஓடிய நாட்கள் அதில் இருந்தன. பிடித்து நிறுத்தியதெல்லாம் சேர்த்து இருபத்தேழு தடவை.

"பாரு. பத்து நாப்பது, இல்லாங்காட்டி ரெண்டேகால். ரெண்டே நேரந்தான். ரயில் ஷெட்லேர்ந்து காலி வண்டி வெளிய வர்ற நேரம். ஜனங்க ஏறின வண்டி நாள் பூரா போவுது வருது, அதுங்களுக்கு எயிந்துகூட நிக்கல. மத்த நேரம் கேட்டு தொறந்தே கெடந்தாலும் ஒம் பொண்ணு போவல."

"அதுக்கு இன்னாக்கா பண்றது?"

"எங்க கம்பெனில காலீல பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசம் டீ பிரேக்கு. அது வர்றதுக்கு முன்ன பொம்பளைங்க கக்கூசுக்குப் போறேன்னு நாலு தடவ எயிந்து போவாங்க. பிரேக்கு குடுத்தப்புறம் ஒருத்தி எயிந்துக்கல. பொன்னிக்கு டீ பிரேக்கு கேப்போம். நீ இந்தப் பேப்பர ஊட்லியே வச்சிட்டு வா."

நான் ஊட்லியே வைக்கவில்லை. சட்டைக்குள் மடித்துவைத்துக்கொண்டு போனேன். ஜேம்ஸ் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மிஸ்டர் மனோகரன், பொன்னியோட பாதுகாப்புக்காகத்தான்..." என்று ஆரம்பித்த உடனே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தாளை எடுத்து மேஜையில் அடித்தேன். ஜேம்ஸ் சார் ஒவ்வொன்றாகப் படித்தார். அவரும் இரண்டு வருஷத்தில் தேறியிருந்தார்.

"இதெல்லாம் எங்களால முடியாது சார். இவ்வளவு எதிர்பார்க்கிறீங்கன்னா, வேற ஸ்கூல் பாக்கறதுதான் உங்களுக்கு நல்லது."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இருபத்திரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். வனஜா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மேஜையில் இருந்த டீ டம்ளரை எடுத்து என் கோரிக்கைப் பட்டியலின்மேல் வைத்தாள். டீ ஒழுகி ஆங்கிலத்திலிருந்து தையல் வரைக்கும் நனைந்தது.

"அது சும்மா சார். எங்களுக்கு ஒரே கோரிக்கை" என்று நோட்டைப் பிரித்துக் காட்டி டீ பிரேக் கேட்டாள்.

"அம்மா, இது கம்பெனி இல்ல. ஸ்கூல்."

"கம்பெனிலியே குடுக்கறான் சார். இங்க குடுக்கக் கூடாதா?"

ஜேம்ஸ் சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார். மூன்று பேனாவில் எதை எடுப்பது என்று தெரியாமல் பையைத் தடவினார். தான் இரண்டு வருஷம் படித்த படிப்பில் செய்யச் சொன்ன வேலையை, யாரும் சொல்லாமலே வேன் நோட்டில் இவள் செய்துவைத்திருக்கிறாள் என்று பின்னால் என்னிடமே சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் அல்லவா.

மூன்று மாதம் பார்ப்பது என்று முடிவாயிற்று. தினமும் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம். கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிற வேப்ப மரத்தடியில் நின்று பொன்னி வண்டியைப் பார்க்கலாம். மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். ஒருமுறை கேட்டைத் தாண்டினாலும் வீட்டுப் பயிற்சி. அக்கா படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டியதும் வனஜாதான் கையெழுத்துப் போட்டாள். எனக்குப் பேனா தரவில்லை.

பள்ளியில் மணி என்பது அந்த வேப்ப மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. பெரிய போல்ட்டு ஒன்றால் அதை மூன்று தட்டுத் தட்டுவது அக்காவின் வேலை. முதல் வாரம் மணி அடித்ததும் பொன்னி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் போதும் என்று ஆயிற்று. ஒரு மாதத்தில் அக்கா மணி அடித்துவிட்டுக் கையை நீட்டினால் வந்து பிடித்துக்கொண்டாள். அதற்குள் வேம்புலிக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. "மனோகரன் பொண்ணுக்கு மட்டும் தனி சலுகையா? எம்புள்ளைக்கும் டீ பிரேக்கு வோணும்" என்று ஜேம்ஸ் சாரிடம் நின்றான். மற்ற பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் முப்பத்தொரு பிள்ளைகளும் தினம் இரண்டு வேளை சுவர் ஓரமாக நின்று காலி ரயிலுக்குக் கை காட்டின. ரயில் ஓட்டுகிறவர்கள் பழகிப்போய் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கூட்டம். மதியம் இரண்டு மணி. ஜேம்ஸ் சார், அக்கா, வனஜா, நான். பொன்னி ஒருநாள்கூடக் கேட்டைத் தாண்டவில்லை என்று நோட்டு சொன்னது. நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜேம்ஸ் சார் அந்தச் சந்தோஷத்தை நீடிக்க விடவில்லை.

"கமிட்டியில ஒரு கேள்வி கேக்கறாங்க. அது நியாயமான கேள்விதான். பொன்னி திரும்பி வர்றது பஞ்சவர்ணம் அம்மா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றதால. அம்மா ஒருநாள் லீவு போட்டா?"

அக்கா நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். இந்தக் கேள்விக்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுப் பயிற்சி என்று எழுத, ஜேம்ஸ் சார் வருத்தத்தோடு நீலப் பேனாவை எடுத்தார்.

"இரு சார்" என்றாள் அக்கா. "நீ பேசற, நான் பேசறேன், இவங்க அழுவறாங்க. இது யாரப் பத்தின பேச்சுவார்த்தை? மெம்பரக் கேக்காம லீடருங்களே கையெழுத்து போட்டா அது ஒப்பந்தமே கெடையாது. பொன்னிய இட்டுனு வா. அவ குந்தட்டும்."

அதில் என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நேரத்தைத் தள்ளுகிறாள் என்றுதான் நினைத்தேன். வகுப்பிலிருந்து பொன்னியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கால் தரைக்கு எட்டவில்லை. ஜேம்ஸ் சார் குனிந்து கேட்டார்.

"பொன்னி, உனக்கு ஸ்கூல் புடிச்சிருக்கா? இங்கயே இருக்கியா?"

பொன்னி மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பட்டனைப் பார்த்தாள். தூரத்தில் ஷெட் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. சட்டென்று இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மணி இரண்டேகால்.

அன்றைக்குக் கூட்ட நாள். பெற்றோர் வந்துபோக, கேட்டு விரியத் திறந்து கிடந்தது. நான் துள்ளி எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"குந்து."

"யக்கா, கேட்டு தொறந்துகினு கீது."

"எனக்கும் தெரியும். குந்து. நீயும் குந்து சார். டீச்சரு கேட்டாண்டதான் கீறாங்க."

அங்கே யாராவது டீச்சர் இருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜேம்ஸ் சார் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். வனஜா கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி வருகிற அதிர்வு மேஜைக்கு வந்து டம்ளர்கள் ஆடின. பிள்ளைகள் கத்துவது கேட்டது. வண்டி கடந்துபோயிற்று. சத்தம் மெல்லக் குறைந்து ஒன்றும் இல்லாமல் ஆயிற்று.

அப்போதுதான் அக்காவின் பிடி என் சட்டையில் இறுகியது. ஏன் என்று எனக்கும் புரிந்தது. மணி அடிக்க வேண்டியவள் இங்கே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மணி அடிக்காமல் பொன்னி எப்படித் திரும்புவாள்? அக்கா எழுந்திருக்கப் போனாள்.

வெளியே மணி அடித்தது. ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு குறி தவறி மரத்தில் பட்டது. மறுபடி சரியாக ஒன்று.

ஜேம்ஸ் சார் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். முற்றத்தில் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பொன்னி உள்ளே வந்தாள். உள்ளங்கை இரண்டும் துரு. அந்தப் பெரிய போல்ட்டைக் கையோடு கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜேம்ஸ் சார்தான் முதலில் அசைந்தார். உட்கார்ந்து, ஒரு புதுத் தாள் எடுத்து, நெடுநேரம் எழுதினார். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். நான் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"த்தூ" என்றாள் அக்கா. "ரெண்டு வருசமா கீறல் விழுந்த கிராமபோன் பிளேட்டு மாரி கத்தினு கீறேன். படிச்சியா நைனா?"

"கண்ணு தெரியலக்கா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "நீயே படி."

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பிறகு அதைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். பொன்னி பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அவளுக்குத்தான் படித்துக் காட்டினாள்.

"பொன்னியம்மா, தகப்பன் பேரு மனோகரன். இந்தப் பள்ளிலியே இருப்பா. அடுத்த மூணு மாசத்துக்கு, பத்து நாப்பது இடைவேளையும் ரெண்டேகால் இடைவேளையும் முடிஞ்சதும் மணி அடிக்கிறது அவ பொறுப்பு."